கடைசித் தேங்காய் போன இடம்

அந்த வீட்டில் நான் குடியிருந்த காலத்தில், நான் அண்ணன் என்று கூப்பிடும் வீட்டுக்காரர் வாயிலிருந்து அதிகம் கேட்ட சொல் "தெரியல". சோற்றில் உப்பு போதுமா என்று அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், கேட்டால்கூட இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த வாயிலும் முடிவு கிடைக்காவிட்டால் "தெரியல மா" என்று சொல்லிவிட்டு மீதியைச் சாப்பிடுவார். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்த அன்று துக்கத்துக்கு வந்த ஒருவர், ஏதோ பேச வேண்டுமே என்று, "ரொம்ப நல்ல மனுசன், இல்லங்களா?" என்று அண்ணனிடம் போய்க் கேட்டுவிட்டார். "எனக்குத் தெரியலையே. பாத்தா சிரிப்பாரு. அவ்ளோதான் தெரியும்" என்றார் அண்ணன், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. இறந்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் பத்திரிகை 'பறக்கும் தட்டைப் படமெடுத்த பினாங்கு விஞ்ஞானி' என்று போட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றுகிறது.

நான் சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள். டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய சந்தில் அவர்கள் வீட்டு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நகத்தைவிடச் சின்ன மின்னணுச் சில்லுகளை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நல்லது இந்தப் பெட்டி, ரிஜெக்ட் அந்தப் பெட்டி. மூன்றாவது பெட்டி கிடையாது. பகலெல்லாம் இப்படிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு மனிதர் எல்லாவற்றையும் மூன்றாவது பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகும் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அவர் இல்லாத வீடு எனக்கு வீடாகத் தோன்றாமல் போனது.

துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கிற பிரிவில் அவருக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எதையாவது செய்துகொண்டிருப்பார். மழை வந்தால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் துணிக்கொடி ஒன்று செய்தார். பினாங்கு வானத்தை நம்பித் துணி காயப்போடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்தான். ஒருநாள் தூறல் விழுந்ததும் மோட்டார் ஓடியது, கொடி நகர்ந்தது, எங்கள் துணியெல்லாம் அழகாகக் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது. கூடவே பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் சாரோங்கும் வேலியைத் தாண்டி வந்து சேர்ந்தது. அவர் கொடியும் எங்கள் கொடியும் ஒரே கம்பத்தில் கட்டியிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. "இது வேலை செய்யுதா இல்லையா அண்ணே?" என்று கேட்டேன். சாரோங்கைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "அதான் எனக்கும் தெரியல" என்றார்.

பேட்டரியில் கை வைத்ததில்தான் அவர் கண்ணுக்கு ஆபத்து வந்தது. பழைய கார் பேட்டரியைத் திறந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது அமிலம் தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. பல நாள் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். பார்வை திரும்புமா என்று அக்கா கேட்டபோது டாக்டர் சரியாகப் பதில் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தவரைக் கேட்டாள். அவரும் "தெரியல மா" என்றார். இரண்டு பேரிடமும் பதில் கிடைக்காமல் அக்கா முருகனிடம் போனாள். கண் திரும்பினால் தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும்போது, அண்ணனுக்கு என்ன வயசோ அத்தனை தேங்காய் அவர் கையாலேயே உடைக்கவைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள்.

கண் திரும்பியது. அக்கா அழுதாள், நானும் அழுதேன். அண்ணன் கட்டைப் பிரித்ததும் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்து, "வால் தெரியுது. தலை இருக்கான்னு தெரியல" என்றார்.

எங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு முதல் நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் தமிழர், சீனர் என்ற பேதமில்லாமல் மலைமலையாகத் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு ரதம் நெருங்கியதும் அடித்து நொறுக்குவார்கள். சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடும். செருப்பில்லாமல் நடந்தால் ஓடு குத்தும். ஓடு தெறிக்கும் என்பதுதான் இங்கே சிக்கல். கண்ணில் தூசுகூடப் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணன் கையால்தான் உடைக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

"மிஷின் செஞ்சிரலாம்" என்றார் அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பழைய லோரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டை, அதன் நுனியில் தேங்காய் உட்கார ஒரு இரும்புக் கிண்ணம். பட்டை பின்னாலிருந்து மேலே எழும்பி வந்து முன்னால் இருக்கும் கருங்கல்லில் தேங்காயை ஓங்கி அடிக்கும். கல்லைச் சுற்றி வலை. முதலில் அதைக் காலால் மிதித்து இயக்குகிற மாதிரிதான் செய்திருந்தார். கிரேன் ஆட்கள் காலால் மிதித்தே பழகியவர்கள். அக்கா பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"சாமி தேங்காய காலால ஒடைக்கிறதா? ஏங்க, ஒங்களுக்குப் புத்தி இருக்கா இல்லையா?"

அவர் அதற்கும் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். நல்லவேளை, தலையை ஆட்டிவிட்டு மிதியைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி வைத்தார். அதற்காகப் பட்டையைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த வளைவுதான் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் உறுதியாகச் சொன்னதில்லை.

கைப்பிடியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய கேமராவில் கட்டினார். கைப்பிடியை இழுத்தால் தேங்காயும் உடையும், படமும் விழும். தேங்காய் எந்த இடத்தில் முதலில் விரிகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. தேங்காய்க்கு ஒரு படம் என்றால், அப்போது அவருக்கு இருந்த வயசுக்கு ஒரு பிலிம் சுருள் போதுமானதாக இருந்தது.

ரதம் எங்கள் சந்து முனைக்கு வந்தபோது மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணன் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் நின்றார். அக்கா ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கிண்ணத்தில் வைத்தாள். படார், படார் என்று ஒவ்வொன்றும் வலைக்குள் சிதறியது. எதிரே இரும்புக்கடை வைத்திருந்த சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுகிறவர், தன் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்க மறந்து வேடிக்கை பார்த்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

கடைசித் தேங்காய். அண்ணனுக்கு அப்போது நடந்துகொண்டிருந்த வயசுக்கான தேங்காய். அதை வைக்கும்போது அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அதே நேரத்தில் ரதம் எங்கள் முன்னால் வந்து நின்றது. எல்லோரும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள், நானும்தான். பின்னால் ஸ்பிரிங் கிறீச்சென்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் பட்டை உடைந்து பக்கவாட்டில் தொங்குகிறது. கிண்ணம் காலி. வலைக்குள் புதிதாக எதுவும் இல்லை. சாலை முழுக்கத் தேங்காய் ஓடுதான், ஆனால் அதில் எங்கள் ஓடு எது என்று யார் சொல்வது?

"ஒடைஞ்சுதா?" என்று அக்கா கேட்டாள்.

"நான் சாமியப் பாத்துக்கிட்டு இருந்தேன் மா" என்றார் அண்ணன்.

படத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோதுதான் அந்தக் கடைசிப் படம் வெளியே வந்தது. கீழே மிஷினும் கூட்டமும், நடுவில் இரும்புக்கடையின் கூரை, அதற்கு மேலே வெறும் வானத்தில் ஒரு நீள்வட்டப் பொருள். உள்ளே கறுப்பு, ஓரத்தில் சுற்றிலும் மெல்லிய வெளிச்சம்.

நான் உடனே "தேங்காய்" என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிங்கிலிருந்து போகிற தேங்காய் அத்தனை வேகத்தில் போனால் படத்தில் இழுத்துப் பூசின மாதிரிதான் விழும். இது அச்சு அசலாக நிற்கிறது. அதோடு குடுமியைக் காணோம் என்றார்.

"குடுமிய நாந்தான் பிச்சேன்" என்றாள் அக்கா.

"அப்ப குடுமிய விட்டுரு. இந்த வெளிச்சம் எப்படி வந்துச்சு?"

"அப்ப அது என்னாங்க?"

"தெரியல."

இந்த 'தெரியல'தான் பத்திரிகைக்குப் போனது. துறைமுகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் படத்தை வாங்கிக்கொண்டு போய் நிருபரிடம் காட்ட, நிருபர் வீட்டுக்கே வந்தார். அடையாளம் தெரியாத பொருள் என்று சொல்லலாமா என்று கேட்டார். அண்ணன் யோசித்துவிட்டு, எனக்கு அடையாளம் தெரியவில்லை, அதனால் சொல்லலாம் என்றார். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் தலைப்பைப் பார்த்துவிட்டு, தான் விஞ்ஞானியும் இல்லை, தட்டு என்றும் சொல்லவில்லை என்று திருத்தச் சொல்லப் பத்திரிகை ஆபீசுக்கே போனார். அவர்கள் கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு சில வாரம் வாசலில் கூட்டம். பாதிப் பேர் லாட்டரிக்கு நம்பர் எடுக்க வந்தவர்கள். வீட்டு எண், கேமராவின் அடியில் இருந்த எண், கடைசியில் அண்ணனின் அடையாளக் கார்டு எண்வரை கேட்டுக்கொண்டு போய் நாலு நம்பர் கட்டினார்கள். தாசேக் கெலுகோரிலிருந்து தோட்டத்து மருந்தக ஊழியர் ஒருவர் வந்தார். செம்பனைக் காட்டுக்கு மேலே இதே பொருளைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். "அவங்க வந்துட்டாங்க, நாமதான் இன்னும் தயாராகல" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "நீங்க பாத்தது என்னான்னு எனக்குத் தெரியாதுங்க, நான் பாத்ததும் தெரியாது" என்றார் அண்ணன். அந்த மனிதர் கோப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். எதிர்க்கடைத் தவுக்கே மட்டும் யார் வந்து கேட்டாலும் "கெலாப்பா லா! தேங்காதான்!" என்று மலாயிலும் தமிழிலும் கத்திச் சொல்வார். தன் கடைக் கூரையில் எங்களை ஏறிப் பார்க்கவும் விட்டார். கூரையில் காக்காய்க் கூடு ஒன்று இருந்தது. தேங்காய் இல்லை.

ஊருக்கு இது தமாஷ். அக்காவுக்கு அப்படி இல்லை. அது தேங்காய் என்றால் வேண்டுதல் தேங்காய் உடையாமல் பறந்து போயிருக்கிறது. அது வேறு ஏதோ என்றால் தேங்காய் எங்கே போனது? நேர்ந்துகொண்ட தேங்காய் உடையாவிட்டால் எப்படி நல்லது நடக்கும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் கேட்டதற்கு இன்னொன்று உடைத்துவிட்டால் போதும் என்று சொன்னார்கள். உடைத்தாள். மறு வருஷமும் உடைத்தாள். மனசு ஆறவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீ கீறல் பாக்குற வேல செய்யிறவதான, பாத்துச் சொல்லு" என்று படத்தையும் லென்சையும் கையில் கொடுத்தாள். பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க அது வெறும் புள்ளி புள்ளியாகக் கலைந்து போனது. எந்தப் பெட்டியில் போடுவது என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தெரியவில்லை.

அண்ணனிடம் சண்டை போட்டேன். "ஒடைஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்னா அண்ணே? அக்கா நிம்மதியா தூங்கும்ல?"

"பாக்கலையே தங்கச்சி" என்றார். கோபமில்லாமல், கெஞ்சுகிற மாதிரி சொன்னார். "பாக்காதத எப்படி மா சொல்றது?"

அவர் சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. மிஷினைச் சரிசெய்து லோரியில் ஏற்றிக்கொண்டு பத்து உபான் என்ற ஊரின் கடற்கரைக்குப் போய், தேங்காய் தேங்காயாக வானத்தில் எறிந்து அதே கேமராவில் படம் பிடித்தார். எல்லாம் இழுத்துப் பூசின மாதிரிதான் விழுந்தன. அவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையில் ஒரே ஒரு படம் அச்சு அசலாக நின்றது. தேங்காய் மேலே ஏறி முடித்து, கீழே இறங்கத் தொடங்குவதற்குமுன் ஒரு கணம் அப்படியே நிற்கும், அந்தக் கணத்தில் படம் விழுந்திருக்கிறது என்று விளக்கினார். உலகத்தில் வேறு எவனாக இருந்தாலும் அந்த ஒரு படத்தைக் கிழித்துப் போட்டிருப்பான். இவர் அதைக் கொண்டுவந்து அக்காவிடமே காட்டி, "தேங்காயாவும் இருக்கலாம் மா" என்றார். அக்கா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கதவுக்கு வெளியே நின்று, "ஆனா அந்த வெளிச்சம் இதுல இல்ல பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அடிக்கலாம் போல் இருந்தது. பாவமாகவும் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி சிம்பாங் அம்பாட்டுக்குப் போனபிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடல் பாலம் தாண்டி அவர்களைப் பார்க்கப் போவேன். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கொட்டகையில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் திருகாணிகளைத் தடவித் தேடினார், பிறகு கோப்பி குவளையை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். வலது கண் பெரும்பாலும் போய்விட்டது, இடதும் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது, போன பார்வை வராது, இருக்கிறதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். அண்ணனுக்குச் சம்மதம். அக்கா விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். அக்கா துணிகூட எடுத்து வைக்கவில்லை.

"அந்தக் கடன் தீந்துச்சா தீரலையான்னு தெரியாம அவரு கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன்" என்றாள். "குடுத்தவனே எடுக்கிறான். இதுல டாக்டர் போய்க் கைய வச்சா இருக்கிறதும் போயிரும்."

நான் கத்தினேன். இத்தனை வருஷம் உடைத்த தேங்காயெல்லாம் எந்தக் கணக்கு என்று கேட்டேன். இடது கண்ணும் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அக்கா அசையவில்லை. அவளாக விடாமல் அண்ணன் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தம் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்த எடுத்துட்டு வா மா" என்றார் திடீரென்று.

அக்கா சாமியறையிலிருந்து எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் பக்கம் சாய்த்து முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடியும் அருகில். வெகுநேரம் பார்த்தார். வழக்கமான அந்த ஒற்றைச் சொல்தான் வரப்போகிறது, அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒடைஞ்சிருக்கு மா" என்றார் அண்ணன்.

அக்கா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காத்துலயே விட்டுருச்சு. கீழ்ப்பக்கமா கோடு ஓடுது. அந்த வெளிச்சம் தண்ணி மா, தண்ணி சிதறுது. இத்தன வருஷம் இத நான் கவனிக்கவே இல்ல பாரு."

"எங்கங்க?"

"இங்க." விரலை வைத்துக் காட்டினார். "இந்தா, இங்கதான். தெரியுதா?"

நான் குனிந்து பார்த்தேன். அவர் விரல் அந்தப் பொருளின்மேல் இல்லை, வானத்தின்மேலும் இல்லை. படத்தைச் சுற்றி விட்டிருந்த வெள்ளை ஓரத்தில், படமே இல்லாத இடத்தில் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவளும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "தெரியுது. நல்லாத் தெரியுது."

அவளுக்கு என்ன தெரிந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை. அக்கா எழுந்து போய் அலமாரியைத் திறந்து அவர் சட்டைகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். எந்தச் சட்டை வேண்டும் என்று உள்ளேயிருந்து கேட்டாள். அண்ணன் விரலை அந்த வெள்ளை ஓரத்திலிருந்து எடுக்காமல், அவள் துணி அடுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.